கடைசிப் பத்து நிமிடங்கள்: பிரிட்டனின் கால்பந்து அரங்கில் கூட்டமும் ஆரவாரமும்

கால்பந்து ஆட்டம் 90 நிமிடம். பிரிட்டனின் பெரிய அரங்குகள் பலவற்றில் 80ஆவது நிமிடத்திலேயே கேலரியின் படிகளில் ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். நெரிசலுக்கு முன் காரை வெளியே எடுக்க நினைப்பவர், கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியவர், தன் அணி தோற்பதை உட்கார்ந்து பார்க்க மனம் வராதவர் என ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். பக்கத்து இருக்கைக்காரர் அவர்களுக்கு வழிவிட எழுந்து நிற்கும் நேரத்தில் ஒரு கோல் விழுந்துவிடுவதும் உண்டு. இப்படிக் கிளம்புவது விசுவாசக் குறைவு என்று ஒரு சாராரும், காசு கொடுத்து வந்தவருக்கு எப்போது வேண்டுமானாலும் போக உரிமை உண்டு என்று இன்னொரு சாராரும் வாதிடுகிறார்கள்.

தனிமனிதரின் குணத்தை வைத்து மட்டும் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. கூட்டம் எந்த நேரத்தில் வந்தது, எவ்வளவு கட்டணம் கொடுத்தது, நின்றதா உட்கார்ந்ததா, எந்த வழியாக வெளியேறியது என்ற நான்கு கேள்விகளுக்குள் அரங்கின் ஆரவாரத்தின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. கடைசிப் பத்து நிமிடத்தில் காலியாகும் இருக்கைகளும் அந்த வரலாற்றின் ஒரு பகுதியே.

சனிக்கிழமைப் பிற்பகல்

கால்பந்துக்குக் கூட்டம் சேர்ந்ததற்கு முதற்காரணம் ஓய்வு நேரம். 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று விதித்தது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது என்பதால் ஆண்களுக்கும் அந்த அரை நாள் கிடைத்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்த வழக்கம் மற்றத் தொழில்களுக்கும் பரவியது. வேலை முடிந்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நடந்து வந்தால் மைதானத்தை அடையும் நேரம் என்ற கணக்கில் பிற்பகல் 3 மணி ஆட்டம் தொடங்கும் நேரமாக நிலைபெற்றது. மின்விளக்குகள் வரும்வரை குளிர்காலத்தில் பொழுது சாயும் முன் முடிக்க வேண்டியிருந்ததால் ஆட்டம் இன்னும் முன்னதாகவே தொடங்கும். மின்விளக்கின் கீழ் முதல் லீக் ஆட்டம் நடந்தது 1956இல்தான்.

1863இல் லண்டனில் கால்பந்துச் சங்கம் உருவாகி விதிகளை வகுத்தது. 1885இல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தருவது சட்டபூர்வமானது. சம்பளம் கொடுக்க நிலையான வருமானம் வேண்டும். அதற்கு நிலையான ஆட்ட அட்டவணை வேண்டும். ஆஸ்டன் வில்லா கழகத்தின் வில்லியம் மெக்ரெகர் எடுத்த முயற்சியால் 1888இல் 12 கழகங்களோடு கால்பந்து லீக் பிறந்தது. பன்னிரண்டும் லங்காஷயரையும் மிட்லண்ட்ஸ் பகுதியையும் சேர்ந்தவை. ஆலையும் சுரங்கமும் நிறைந்த ஊர்கள் அவை. 1890இல் லீக் குறைந்தபட்ச நுழைவுக் கட்டணத்தை 6 பென்ஸ் என்று நிர்ணயித்தது. தொழிலாளி வாராவாரம் கொடுக்கக்கூடிய தொகையாக அது இருந்ததால், வாராவாரம் வரும் கூட்டம் உருவாயிற்று. ஒரே ஆட்கள், ஒரே இடத்தில், ஒரே நண்பர்களோடு ஆண்டுக்கணக்கில் நின்றார்கள். பின்னாளில் ஆரவாரம் என்று போற்றப்பட்டதற்கு இந்தப் பழக்கமே அடித்தளம்.

கூட்டத்தின் வருகையையும் கிளம்புதலையும் நகரப் போக்குவரத்து கவனித்துக்கொண்டது. ஆட்டம் முடியும் நேரத்துக்கு டிராம் வண்டிகள் மைதானத்துக்கு அருகே வரிசையாக நிறுத்தப்பட்டன. லண்டனில் அர்செனல் கழகத்தின் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் தொடர்ந்து வலியுறுத்தியதால், 1932இல் கில்லெஸ்பி சாலை சுரங்க ரயில் நிலையத்துக்குக் கழகத்தின் பெயரே சூட்டப்பட்டது. ரசிகர்களில் பெரும்பாலோர் நடக்கும் தூரத்திலோ ஒரு டிராம் தூரத்திலோ வசித்தார்கள். அவசரமாக ஓட வேண்டிய தேவை இன்றைவிடக் குறைவாக இருந்தது.

முக்கால் நேரக் கதவு

முன்கூட்டியே கிளம்புகிறவர்கள் அன்றும் இருந்தார்கள். அவர்களுக்காகப் பல மைதானங்களில் ஆட்டம் முடிவதற்குக் கால்மணி, இருபது நிமிடம் இருக்கும்போதே வெளிவாயில்கள் திறக்கப்பட்டன. அந்த நேரத்துக்காக வெளியே ஒரு கூட்டம் காத்திருக்கும். நுழைவுக் கட்டணம் கொடுக்க வழியில்லாத சிறுவர்களும் வேலையிழந்தவர்களும் கதவு திறந்ததும் உள்ளே போய்க் கடைசிப் பகுதியை இலவசமாகப் பார்ப்பார்கள். வாயிற்காவலர்கள் பொதுவாக இதைத் தடுப்பதில்லை. தொழில்நகரச் சிறுவர் பலருக்கு வாழ்க்கையில் பார்த்த முதல் லீக் ஆட்டம் கடைசி இருபது நிமிடம் மட்டுமே.

இந்த வழக்கத்தால் ஒருவர் விட்டுச்சென்ற இடம் காலியாகக் கிடக்காமல் இன்னொருவரால் நிரம்பியது. வந்தவர் உற்சாகத்தோடு வந்தார். கூட்டத்தின் சத்தம் குறையவில்லை. எண்ணிட்ட இருக்கைகளும் மின்னணு டிக்கெட்டும் வந்த பிறகு இது நடக்க வழியில்லாமல் போயிற்று. இன்று ஒருவர் எழுந்து போனால் அந்த இருக்கை விசில் ஊதும்வரை வெறுமையாகவே தெரியும்.

கேலரியைக் கட்டிய பொறியாளர்

தொடக்கத்தில் கூட்டம் நின்றது மண்மேட்டிலும் மரப் படிகளிலும்தான். 1902 ஏப்ரல் 5 அன்று கிளாஸ்கோ நகரின் ஐப்ராக்ஸ் அரங்கில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதிய ஆட்டத்தின்போது, உயரமான மரக் கேலரி உடைந்து 25 பேர் இறந்தனர். 500க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அந்த அரங்கை வடிவமைத்தவர் ஆர்ச்சிபால்ட் லீட்ச். தொழிற்சாலைக் கட்டடங்களில் அனுபவம் பெற்றிருந்த அந்தப் பொறியாளர், இந்த விபத்துக்குப் பிறகு கெட்டியான மண்கரையின் மீது கான்கிரீட் படிகளை அமைத்து, நெரிசலைத் தாங்க இரும்புத் தடுப்புக் கம்பிகளை நட்டு, நிற்கும் கேலரிக்கு ஒரு புதிய வடிவம் கொடுத்தார். லிவர்பூலின் ஆன்ஃபீல்டு, எவர்ட்டனின் குடிசன் பார்க், மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டு, லண்டனின் கிரேவன் காட்டேஜ் உட்பட அடுத்த 30 ஆண்டுகளின் முக்கிய அரங்குகள் பலவற்றில் அவரது கைவண்ணம் இருந்தது.

1906இல் ஆன்ஃபீல்டில் எழுந்த பெரிய கேலரிக்கு ஸ்பியன் காப் என்று பெயர் வந்தது. அது தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் உள்ள ஒரு குன்று. 1900 ஜனவரியில் டச்சு வழிக் குடியேறிகளான போயர்களுடன் நடந்த சண்டையில் லங்காஷயர் படைப்பிரிவுகளின் வீரர் பலர் அங்கே மடிந்தனர். அவர்களின் நினைவாக உள்ளூர்ப் பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர் எர்னஸ்ட் எட்வர்ட்ஸ் இந்தப் பெயரை முன்மொழிந்தார். அதே குன்றிலிருந்து காயமுற்றவர்களைத் தூக்கிவந்தவர்களில் காந்தி அமைத்த இந்திய மருத்துவ உதவிப் படையும் உண்டு. சுமார் 1,100 பேர் கொண்ட அந்தப் படையில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலித் தொழிலாளர்கள். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு மதராஸ் துறைமுகம் வழியாகப் போன அத்தகைய தொழிலாளர்களில் தமிழர்கள் பெருந்தொகையினர். பிரிட்டனின் பல ஊர்களில் பெருங்கேலரிகளுக்கு அந்தக் குன்றின் பெயரே வழங்குகிறது. எல்லாவற்றிலும் புகழ்பெற்றது ஆன்ஃபீல்டின் காப்.

1928இல் காப்புக்குக் கூரை போடப்பட்டது. ஏறத்தாழ 28,000 பேர் ஒரே கூரையின் கீழ் நின்றார்கள். மேலே எழும் குரலைக் கூரை திருப்பி மைதானத்தின் மீது வீசியது. தாழ்ந்த கூரை, மைதானத்தின் எல்லைக்கோட்டை ஒட்டியே தொடங்கும் படிகள், தோளோடு தோள் உரசி நிற்கும் கூட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்தபோது கேலரியே ஓர் இசைக்கருவிபோல ஒலித்தது.

பாட்டு பிறந்த விதம்

தொடக்ககாலக் கூட்டத்தின் சத்தம் கைதட்டலும் கூச்சலும் மரக் கிலுகிலுப்பையின் ஒலியும்தான். பித்தளை வாத்தியக் குழுக்கள் ஆட்டத்துக்கு முன் வாசித்தன. 1923இல் வெம்பிளி அரங்கில் நடந்த முதல் கால்பந்துச் சங்கக் கோப்பை இறுதியாட்டத்துக்கு அதிகாரபூர்வக் கணக்கே 1,26,047 பேர். சுவரேறி வந்தவர்களையும் சேர்த்தால் 2 லட்சத்தைத் தாண்டியிருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. மைதானத்துக்குள் வழிந்த கூட்டத்தைக் காவலர் ஜார்ஜ் ஸ்கோரி தன் குதிரை பில்லியின் மீது அமர்ந்து பொறுமையாகப் பின்னுக்குத் தள்ளிய பிறகே ஆட்டம் தொடங்கியது. 1927 முதல் அந்த இறுதியாட்டத்துக்கு முன் ஒரு கிறித்தவப் பாடலை அரங்கு முழுவதும் சேர்ந்து பாடுவது மரபாயிற்று. நியூகாசில், நார்விச், வெஸ்ட் ஹாம் போன்ற கழகங்களுக்கு இரண்டாம் உலகப் போருக்கு முன்பே தமக்கென்று பாடல்கள் இருந்தன.

ஆட்டம் முழுவதும் இடைவிடாமல் பாடும் வழக்கம் 1960களில் வலுப்பெற்றது. லிவர்பூலிலிருந்து பீட்டில்ஸ் குழுவும் அதன் சமகாலத்தவரும் பாப் இசையை ஆண்டுகொண்டிருந்த காலம் அது. ஆட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் அந்த வாரத்தின் புகழ்பெற்ற பாடல்கள் ஒலிக்கும். காப்பில் நிற்பவர்கள் கூடவே பாடுவார்கள். ‘யூ'ல் நெவர் வாக் அலோன்’ என்பது 1945இல் அமெரிக்காவில் அரங்கேறிய கரோசல் இசைநாடகத்தின் பாடல். அதை 1963இல் லிவர்பூலைச் சேர்ந்த ஜெர்ரி அண்டு தி பேஸ்மேக்கர்ஸ் குழு பதிவுசெய்து விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்குக் கொண்டுபோனது. பட்டியலிலிருந்து பாடல் இறங்கிய பிறகும் காப் அதை விடவில்லை. 1964இல் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி காப்பின் பாட்டைப் படம்பிடித்து, கால்பந்து பார்க்காதவர்களுக்கும் அதைக் கொண்டுசேர்த்தது.

நிற்கும் கேலரியில் யாருக்கும் எண்ணிட்ட இடம் கிடையாது. நல்ல இடம் வேண்டுமானால் முன்னதாக வர வேண்டும். பெரிய ஆட்டங்களுக்கு வாயில் திறந்தவுடனேயே, தொடக்க விசிலுக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போதே கேலரியின் நடுப்பகுதி நிறைந்துவிடும். அந்தக் காத்திருப்பு நேரத்தில்தான் பாட்டுகள் உருவாயின, புதியவர்கள் கற்றுக்கொண்டார்கள், எதிரணியைச் சீண்டும் வரிகள் அந்த இடத்திலேயே புனையப்பட்டன. பாட விரும்பும் இளைஞர்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒன்றுகூடினார்கள். அமைதியை விரும்பியவர்கள் ஓரங்களுக்கு நகர்ந்தார்கள். சீக்கிரம் வருவதே ஆரவாரத்தின் விளைநிலமாக இருந்தது. முன்கூட்டியே போவதை மட்டும் பேசுபவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

வெளியேறும் வழியில் நேர்ந்த துயரங்கள்

போருக்குப் பின் கூட்டம் பெருகியது. 1948–49 பருவத்தில் லீக் ஆட்டங்களுக்கு வந்தவர்கள் 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேல். அது இன்றுவரை முறியடிக்கப்படாத எண்ணிக்கை. அரங்குகளோ பழையவை, வாயில்களோ குறுகியவை.

1946 மார்ச் 9 அன்று போல்ட்டன் நகரின் பர்ன்டன் பார்க்கில் ஸ்டோக் அணிக்கு எதிரான கோப்பை ஆட்டத்துக்கு ஏறத்தாழ 85,000 பேர் திரண்டனர். நெரிசலைக் கண்டு சுழல்வாயில்கள் மூடப்பட்டன. உள்ளே மகனோடு சிக்கிய ஒருவர், குழந்தையைக் காப்பாற்றப் பூட்டிய வாயில் ஒன்றைத் திறந்து வெளியேறினார். திறந்த அந்த வாயில் வழியாகவும் சுவர் வழியாகவும் மேலும் பலர் உள்ளே வந்தனர். தடுப்புக் கம்பிகள் முறிந்து 33 பேர் இறந்தனர். வெளியேறும் வழி சரியாக இல்லாத அரங்கில் உள்ளே வரும் வழியும் ஆபத்தாகும் என்பதை அந்த நாள் காட்டியது. மைதானங்களுக்கு உரிமமும் கொள்ளளவு வரம்பும் வேண்டும் என்று விசாரணை அறிக்கை பரிந்துரைத்தது. சட்டம் வர இன்னும் 29 ஆண்டுகள் ஆயின.

1971 ஜனவரி 2 அன்று நடந்தது முன்கூட்டியே கிளம்புவதோடு நேரடியாகத் தொடர்புபடுத்திப் பேசப்பட்டது. ஐப்ராக்ஸில் ரேஞ்சர்ஸும் செல்டிக்கும் மோதிய ஆட்டம் கோல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. இறுதி நிமிடத்தில் செல்டிக்கின் ஜிம்மி ஜான்ஸ்டன் கோல் போட்டார். சில நொடிகள் கழித்து ரேஞ்சர்ஸின் காலின் ஸ்டைன் சமன் செய்தார். அதன்பின் 13ஆம் எண் படிக்கட்டில் நேர்ந்த நெரிசலில் 66 பேர் உயிரிழந்தனர், பலர் பதின்வயதினர். தோல்வி உறுதி என்று இறங்கிக்கொண்டிருந்த ரசிகர்கள், சமன் கோலின் சத்தம் கேட்டுத் திரும்பி ஏறியதால் இரு கூட்டங்கள் மோதிக்கொண்டன என்ற கதை உடனே பரவியது. விசாரணை அதை ஏற்கவில்லை. விபத்து நேர்ந்தது இறுதி விசிலுக்குச் சில நிமிடங்கள் கழித்து. எல்லாரும் ஒரே திசையில்தான் இறங்கிக்கொண்டிருந்தார்கள். செங்குத்தான, பக்கவாட்டில் விலக இடமில்லாத படிக்கட்டில் யாரோ ஒருவர் இடறி விழ, பின்னாலிருந்து வந்த எடை முழுவதும் முன்னாலிருந்தவர்கள் மேல் சரிந்தது. அதே படிக்கட்டில் 1961இல் இருவர் இறந்திருந்தனர். 1967இலும் 1969இலும் பலர் காயமடைந்திருந்தனர். குற்றம் படிக்கட்டில் இருக்க, திரும்பி ஓடிய ரசிகர்கள் மேல் பழி போட்ட கதை இன்றும் சில இடங்களில் சொல்லப்படுகிறது.

இந்தத் துயரத்தின் விளைவாக வீட்லி பிரபுவின் அறிக்கை 1972இலும், அரங்குப் பாதுகாப்புச் சட்டம் 1975இலும் வந்தன. அரங்குகளுக்கான அரசின் பாதுகாப்பு வழிகாட்டி, கேலரியிலிருந்து கூட்டம் தடையில்லாத வெளிவழிக்குச் சென்றுசேர 8 நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது என்ற அளவுகோலை நிறுவியது. வாயிலின் அகலமும் படிக்கட்டின் சாய்வும் கேலரியின் கொள்ளளவும் அந்தக் கணக்கிலிருந்தே இன்றும் வகுக்கப்படுகின்றன.

வேலி, தீ, ஹில்ஸ்பரோ

1970களில் ரசிகர் மோதல்கள் அதிகரித்தன. கழகங்கள் கேலரிக்கு முன்னால் உயரமான இரும்பு வேலிகளை எழுப்பின. எதிரணி ரசிகர்களைத் தனித்தனிக் கூண்டுப் பகுதிகளாகப் பிரித்தன. வெளியூர் ரசிகர்கள் ஆட்டம் முடிந்த பிறகும் உள்ளேயே நிறுத்திவைக்கப்பட்டு, தெருக்கள் காலியான பின்னரே காவல் துறையால் ரயில் நிலையத்துக்கு நடத்திச் செல்லப்பட்டனர். மோதலுக்கு அஞ்சிய பலருக்குக் கடைசி விசிலுக்கு முன்பே கிளம்புவது ஒரு தற்காப்பு முறையாயிற்று. 1985–86 பருவத்தில் லீக் ஆட்டங்களின் மொத்த வருகை 1 கோடியே 65 லட்சமாகச் சரிந்தது.

1985 மே 11 அன்று பிராட்ஃபோர்டில் மரக் கேலரி தீப்பற்றியது. டிக்கெட் இல்லாதவர்கள் நுழையாமலிருக்கப் பின்வாயில்கள் பூட்டப்பட்டிருந்தன. 56 பேர் இறந்தனர். அதே மாதம் 29 அன்று பெல்ஜியத்தின் ஹெய்சல் அரங்கில், ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்துக்கு முன் லிவர்பூல் ரசிகர்களில் ஒரு பகுதியினர் பாய்ந்து தாக்கியதில் சுவர் இடிந்து 39 பேர் மாண்டனர்; அவர்களில் பெரும்பாலோர் யுவென்டஸ் அணியின் இத்தாலிய ரசிகர்கள்.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூலுக்கும் நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கும் கோப்பை அரையிறுதி. சுழல்வாயிலுக்கு வெளியே திரண்ட கூட்டத்தைக் குறைக்கக் காவல் துறை ஒரு பெரிய வெளிவாயிலைத் திறக்கச் சொன்னது. உள்ளே வந்தவர்கள் நேரெதிரே தெரிந்த சுரங்கவழியில் நுழைந்து, ஏற்கெனவே நிறைந்திருந்த நடுக் கூண்டுகளில் போய்ச் சேர்ந்தனர். முன்னால் வேலி, பின்னால் கூட்டம். 97 உயிர்கள் போயின. காவல் துறையும் சில பத்திரிகைகளும் ரசிகர்களைக் குற்றம் சாட்டின. குடும்பங்கள் 27 ஆண்டுகள் போராடின. 2016இல் விசாரணை நீதிமன்றத்தின் ஜூரி, இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர், ரசிகர்களின் நடத்தைக்கு இதில் பங்கில்லை என்று தீர்ப்பளித்தது. உண்மையைப் பெற ஒரு நகரமே அத்தனை காலம் போராட வேண்டியிருந்தது பிரிட்டனின் பொதுவாழ்வில் அழியாத கறை.

இருக்கைகளின் காலம்

ஹில்ஸ்பரோ துயரத்தை விசாரித்த நீதிபதி பீட்டர் டெய்லரின் இறுதி அறிக்கை 1990 ஜனவரியில் வந்தது. உயர்நிலை அரங்குகள் முழுவதும் இருக்கைகளாக மாற வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரை. முதல் இரண்டு பிரிவுக் கழகங்களுக்கு 1994 ஆகஸ்டு கெடுவாயிற்று. வேலிகள் அகற்றப்பட்டன. 1994 ஏப்ரல் 30 அன்று நார்விச் அணிக்கு எதிரான ஆட்டத்தோடு காப்பில் நின்று பார்க்கும் காலம் முடிந்தது. இருக்கை போட்ட பிறகு அதன் கொள்ளளவு 12,000 அளவுக்குக் குறைந்தது. பழைய அரங்கை விரிவாக்க இடமில்லாத கழகங்கள் வேறு இடம் தேடின; சில ஊருக்கு வெளியே போயின. மிடில்ஸ்பரோ 1995இலும், சண்டர்லாந்தும் போல்ட்டனும் 1997இலும், அர்செனல் 2006இலும், வெஸ்ட் ஹாம் 2016இலும் புதிய அரங்குகளுக்கு மாறின.

உயிர்ப்பாதுகாப்பில் இந்த மாற்றம் பெரும் வெற்றி. பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் அச்சமின்றி வரத் தொடங்கினர். இங்கிலாந்தின் புதிய முதல்நிலை லீகாகப் பிரீமியர் லீக் பிறந்த 1992–93 பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 21,000 பேர் வந்தனர். 2018–19இல் அது 38,000ஐத் தாண்டியது. அரங்குகள் நிறைந்தன, சத்தம் மட்டும் அந்த அளவுக்கு உயரவில்லை.

அதற்குக் காரணங்கள் பல. எண்ணிட்ட இருக்கை இருப்பதால் யாரும் முன்னதாக வரத் தேவையில்லை. பாட்டு சூடேறும் அந்த இரண்டு மணி நேரம் போயிற்று. பாட விரும்புகிறவர்கள் ஒன்றுசேர முடியாமல் அரங்கெங்கும் சிதறினர். டிக்கெட் விலை ஏறியது. இருக்கைக்காக விலையை அளவுக்குமீறி உயர்த்தத் தேவையில்லை என்று சொல்லி, ஐப்ராக்ஸில் இருக்கைக்கு 6 பவுண்டும் நிற்க 4 பவுண்டும் வசூலிக்கப்படுவதை டெய்லர் எடுத்துக்காட்டியிருந்தார். கழகங்கள் பரிந்துரையின் முதல் பாதியை ஏற்று இரண்டாம் பாதியைக் கைவிட்டன. கையில் காசில்லாத இளைஞர்கள், அதாவது பாட்டைத் தொடங்குகிறவர்கள், வெளியே நின்றார்கள். 2000 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் அணியின் தலைவர் ராய் கீன், சொந்த அரங்கில் சிலருக்கு மதுவிலும் இறால் சாண்ட்விச்சிலும் உள்ள அக்கறை ஆட்டத்தில் இல்லை என்று வெளிப்படையாகவே சாடினார்.

முன்கூட்டியே கிளம்புவதையும் இதே மாற்றங்கள் தூண்டின. நடந்து வந்த ரசிகர் இடத்தில் தொலைவிலிருந்து காரில் வரும் ரசிகர் வந்தார். ஊருக்கு வெளியே உள்ள அரங்கில் ஆயிரக்கணக்கான கார்கள் ஒன்றிரண்டு சாலைகளில் ஒரே நேரத்தில் இறங்கும். ஐந்து நிமிடம் முன்னால் கிளம்பியவர் ஒரு மணி நேரம் மிச்சப்படுத்துவார். தொலைக்காட்சிக்காக ஆட்டங்கள் ஞாயிறு மாலைக்கும் திங்கள் இரவுக்கும் மாறியபோது, வெளியூர் ரசிகருக்கு ஊர் திரும்பக் கடைசி ரயில் கிடைப்பதே கடினமாயிற்று. தவறவிட்ட கோலைக் கைப்பேசியில் உடனே பார்த்துவிடலாம் என்ற நிலையும் வந்தது.

போனவர்கள் தவறவிட்டவை

கிளம்பியவர்கள் இழந்ததற்குக் கால்பந்தில் எடுத்துக்காட்டுகள் நிறைய. 1999 மே 26 அன்று பார்சிலோனாவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் 90 நிமிடம் முடிந்தபோது பேயர்ன் மியூனிக் 1–0 என முன்னிலை. கோப்பையை வழங்க வேண்டிய ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியத் தலைவர் லெனார்ட் யோஹான்சன், தம் இருக்கையை விட்டு மைதானத்துக்கு இறங்கினார். அவர் கீழே வந்து சேர்வதற்குள் டெடி ஷெரிங்காமும் ஓலே குன்னர் சோல்ஷாரும் அடுத்தடுத்துக் கோல் போட்டு மான்செஸ்டர் யுனைடெடை வெற்றிபெறச் செய்திருந்தனர். வென்றவர்கள் அழுவதும் தோற்றவர்கள் ஆடுவதும் ஏன் என்று அவருக்கு முதலில் விளங்கவில்லை.

2012 மே 13 அன்று மான்செஸ்டர் சிட்டி, 44 ஆண்டுகளுக்குப் பின் லீக் பட்டம் வெல்ல குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸைத் தோற்கடிக்க வேண்டியிருந்தது. 90 நிமிடம் முடிந்தபோது 1–2 எனப் பின்தங்கியிருந்தது. மனமுடைந்து சிலர் வெளியேறினர். சேர்க்கப்பட்ட நேரத்தில் எடின் ஜெகோ சமன் செய்ய, 94ஆவது நிமிடத்தில் செர்ஹியோ அகுவேரோ போட்ட கோல் பட்டத்தைத் தந்தது.

ஆட்டக்காரர்களின் பக்கத்திலிருந்து இதைப் பேசியவர் லிவர்பூலின் அப்போதைய மேலாளர் யூர்கன் கிளாப். 2015 நவம்பர் 8 அன்று ஆன்ஃபீல்டில் கிரிஸ்டல் பேலஸ் 82ஆவது நிமிடத்தில் இரண்டாவது கோலைப் போட்டதும் லிவர்பூல் ரசிகர் பலர் கிளம்பினர். அந்த நேரத்தில் தான் தனியாக நிற்பதுபோல உணர்ந்ததாக அவர் பின்னர் சொன்னார். கடைசி விசில்வரை எதுவும் நடக்கலாம் என்ற நம்பிக்கையை ரசிகருக்குத் தருவது அணியின் கடமை என்றும் சேர்த்துச் சொன்னார். அடுத்த மாதம் வெஸ்ட் பிராம்விச் அணியுடன் 96ஆவது நிமிடத்தில் சமன் செய்தபோது, ஆட்டக்காரர்களைக் கைகோக்கவைத்துக் காப்பின் முன் நிறுத்தி நன்றி சொல்லவைத்தார். வெறும் சமநிலைக்கு இவ்வளவா என்று கேலி எழுந்தது. 2016 ஏப்ரல் 14 அன்று பொருசியா டார்ட்மண்டுக்கு எதிராக 1–3 எனப் பின்தங்கிய லிவர்பூல், சேர்ப்பு நேரத்தில் தேயான் லாவ்ரன் தலையால் முட்டிய கோலால் 4–3 என்று வென்றபோது, அந்தக் கேலிக்குப் பதில் கிடைத்தது.

எதிர்ப்பாக வெளியேறியபோது

அந்த இரண்டு ஆட்டங்களுக்கும் இடையில், 2016 பிப்ரவரி 6 அன்று, அதே ஆன்ஃபீல்டில் முன்கூட்டியே கிளம்புவது வேறொரு பொருள் பெற்றது. விரிவாக்கப்படும் கேலரியில் உச்ச விலை 77 பவுண்டு என்று கழகம் அறிவித்திருந்தது. சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ 10,000 பேர் ஒரே நேரத்தில் எழுந்து வெளியேறினர். அப்போது லிவர்பூல் 2–0 என முன்னிலை. ஆட்டம் முடிந்தபோது 2–2. சில நாட்களுக்குள் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைத் திரும்பப் பெற்றனர். அடுத்த பருவம் முதல் பிரீமியர் லீக் முழுவதிலும் வெளியூர் ரசிகர் டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு வந்தது. கூட்டம் தன் விலையை உணர்த்த எழுந்து போவதும் ஒரு வழி என்று அந்த நாள் நிறுவியது.

கூட்டமே இல்லாத கால்பந்து எப்படியிருக்கும் என்பதைக் கொரோனா காட்டியது. 2020 ஜூன் 17 முதல் பிரீமியர் லீக் ஆட்டங்கள் பார்வையாளரின்றி நடந்தன. தொலைக்காட்சிகள் பதிவுசெய்த ஆரவாரத்தைப் பின்னணியில் ஒலிக்கவிட்டன. பெரும்பகுதி காலி அரங்குகளில் நடந்த 2020–21 பருவத்தில், இங்கிலாந்தின் முதல்நிலை லீக் வரலாற்றிலேயே முதல் தடவையாகச் சொந்த மண் வெற்றிகளைவிட வெளியூர் வெற்றிகள் அதிகமாயின. ஆரவாரம் முடிவுகளையும் பாதிக்கிறது என்ற நெடுங்கால நம்பிக்கைக்கு இது வலுச்சேர்த்தது.

நிற்கும் கேலரி திரும்பியது

ஜெர்மனி வேறு வழியில் போயிருந்தது. அங்கே கழகத்தின் வாக்குரிமையில் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. நிற்கும் இடங்களும் குறைந்த விலையும் தொடர்ந்தன. பல நகரங்களில் ஆட்ட டிக்கெட்டைக் காட்டியே உள்ளூர் ரயிலிலும் பேருந்திலும் போகலாம். டார்ட்மண்டின் தெற்குக் கேலரியில் ஏறத்தாழ 25,000 பேர் நிற்கிறார்கள். ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய நிற்கும் கேலரி அது. சீக்கிரம் வந்து இடம் பிடிப்பதும், நண்பர்களோடு ஒன்றுசேர்வதும், வீடு திரும்பும் கவலை குறைவதும் அங்கே இன்றும் சாத்தியம்.

பிரிட்டனில் முதலில் மாறியது கிளாஸ்கோவின் செல்டிக். 2016இல் அது தடுப்புக் கம்பியோடு கூடிய மடக்கு இருக்கைகளைப் பொருத்தி ஏறத்தாழ 3,000 பேர் நிற்க வழிசெய்தது. இந்த முறையில் ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் கம்பி இருப்பதால், ஒருவர் மேல் ஒருவர் சரியும் ஆபத்து நீங்குகிறது. 2019இல் திறந்த டாட்டன்ஹாம் அரங்கில், ஒரே சரிவாக எழும் 17,500 இருக்கைத் தெற்குக் கேலரி குரல் ஒன்றுசேரும்படியே வடிவமைக்கப்பட்டது. இங்கிலாந்தில் 2022 ஜனவரியில் சில அரங்குகளில் உரிமம் பெற்று நிற்கும் பகுதிகள் சோதனையாகத் தொடங்கின. அந்தப் பருவத்துக்குப் பின் மற்றக் கழகங்களுக்கும் அனுமதி விரிந்தது. ஹில்ஸ்பரோவின் நினைவு அகலாத நாட்டில், ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் என்ற டெய்லரின் பாதுகாப்பு ஏற்பாட்டைக் கைவிடாமலே இது நிறைவேறியது.

ஆட்டத்தின் முடிவும் நகர்ந்துவிட்டது. 2022 கத்தார் உலகக் கோப்பையில் வீணான ஒவ்வொரு நிமிடத்தையும் கணக்கிட்டுச் சேர்க்கத் தொடங்கினர்; 2023–24 முதல் பிரீமியர் லீக்கும் அதைப் பின்பற்றியது. 90ஆவது நிமிடத்துக்குப் பின் எட்டு, பத்து நிமிடம் ஆட்டம் நீள்வது அபூர்வமாக இல்லை. 85ஆவது நிமிடத்தில் கிளம்புகிறவர் முன்பு ஏழெட்டு நிமிட ஆட்டத்தை இழந்தார். இன்று அதைப்போல இருமடங்கை இழக்கக்கூடும். கடைசி ரயிலின் நேரம் மட்டும் மாறவில்லை.

ரசிகரைக் கடைசிவரை நிறுத்திவைக்கும் வழிகள் இந்த வரலாற்றிலேயே இருக்கின்றன: கைக்கெட்டும் விலை, நண்பர்கள் ஒன்றுசேரும் கேலரி, முன்னதாக வரத் தூண்டும் ஏற்பாடு, பாதுகாப்பாக வெளியேறும் பாதை, ஆட்ட நேரத்தோடு பொருந்தும் ரயில். இவற்றைச் செய்து தரும் பொறுப்பு கழகங்களுக்கும் லீகுக்கும் நகர நிர்வாகத்துக்கும் உரியது. அவை கிடைத்த இடங்களில் கூட்டம் தானாகவே நின்றிருக்கிறது, பாடியும் இருக்கிறது.